மதியம் மட்டும் கீச்சிட்ட பெட்டி

சுவாங் பெய்லின் தன் கணினி போட்ட சத்தத்தை மூன்று வாரமாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்கள் வடிவமைப்புப் பிரிவில் ஒன்பது பேர் அதைத் தினமும் கேட்டார்கள். கேட்டவர்கள் புகார் சொன்னார்கள். கேட்காதவள் தலையில் அதைக் கண்டுபிடிக்கிற வேலை விழுந்தது. கண்டுபிடிக்காவிட்டால் வேலையே போகும் என்ற மிரட்டலும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

பெய்லினுக்கு நாற்பத்தொரு வயது. லூகாங் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் தண்ணீர்க்குழாய்த் தொழிற்சாலையில் படம் வடிப்பவள். ஒரு குழாயை வார்ப்பதற்கு முன்பே அதன் புகைப்படம் வெளிநாட்டுக் கடைக்காரர் கைக்குப் போயாக வேண்டும். இல்லாத குழாயை எப்படிப் புகைப்படம் எடுப்பது? வரைபடத்தை வைத்துக் கணினிதான் உருவாக்க வேண்டும். குரோமியப் பூச்சின் மேல் சன்னல் வெளிச்சம் எங்கே வளையும், கைப்பிடியின் நிழல் எங்கே விழும் என்று பெய்லின் சொல்லிக்கொடுப்பாள். கணினி இரண்டு மூன்று மணி நேரம் மூச்சுமுட்ட உழைத்து ஒரு படத்தைத் தரும். இதை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. முன்பு வேலை பார்த்த பொத்தான் தொழிற்சாலையை மூடிய வருடம் வீட்டில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டது. அவள் வடித்த குழாயின் மேல் நீர்த்துளியைப் பார்த்துவிட்டு, துடைக்கப்போய்த் திரையில் கைவைத்தவர்கள் உண்டு.

ஆனாலும் அவள் நிறுவனத்து ஆள் கிடையாது. நானும் கிடையாது. ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று எங்கள் நான்கு பேரை அனுப்பியிருந்தது. அதே அறை, அதே வேலை, மதியம் அதே கடையிலிருந்து வரும் அதே சாப்பாட்டுப் பெட்டி. கழுத்தில் தொங்கும் அட்டைதான் வேறு. அவர்களுக்கு நீலம், எங்களுக்கு ஆரஞ்சு.

இந்த நிறம் பகலில் அதிகம் தெரியாது. பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்ததும் நன்றாகத் தெரியும். ஒன்றரை வரை எல்லோரும் தூங்க வேண்டும். நீல அட்டைக்காரர்கள் மேசைகளுக்கு நடுவில் இருக்கும் பாதையில் மடக்குக் கட்டிலை விரித்து, கண்பட்டை கட்டிக்கொண்டு படுப்பார்கள். நாங்கள் நால்வரும் சாப்பாட்டுப் பெட்டியோடு கூட்ட அறைக்குப் போய், நீள மேசை மேல் தலைவைத்துத் தூங்க வேண்டும். பாதையில் இடம் போதாது என்று பிரிவுத் தலைவர் ஷி முதல் நாளே சொல்லிவிட்டார். தூக்கத்தில்கூட மனிதரைத் தரம் பிரிக்க முடியும் என்று யோசித்த மூளை அவருடையது.

மாத ஆரம்பத்தில் பெய்லினுக்குப் புதுக் கணினி வந்தது. வசந்தகாலக் கண்காட்சிக்கு நாற்பது புதுக் குழாய்களின் படம் வேண்டும். பழைய கணினியால் முடியாது. புதியதில் சூட்டைத் தணிக்க லிக்விட் கூலர் இருந்தது. உள்ளே சூடாகும் சில்லின் மேல் ஒரு சின்ன பம்ப். அதிலிருந்து இரண்டு ரப்பர்க் குழல்கள் பெட்டியின் உச்சியில் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். திரவம் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை வெளியே தள்ளும். பெய்லின் பன்னிரண்டு மணிக்கு ஒரு படத்தை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிட வருவாள். ஒன்றரைக்குப் பல்தேய்த்து முகம் கழுவிக்கொண்டு திரும்பினால் படம் பாதி முடிந்திருக்கும்.

இரண்டாம் நாளே ஷி தலைவர் கட்டிலை மடித்து முடித்த கையோடு அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பெய்லின், அந்தப் பெட்டிக்குள்ள என்ன கொசு வளக்கிறியா? காதுக்குள்ள ஊசிய விட்டு ஆட்டுற மாதிரி இருக்கு."

"எப்ப தலைவரே?"

"தூங்கறப்பதான்! வேற எப்ப?"

அவள் மேசைக்கடியில் குனிந்து பெட்டியோடு காதை ஒட்டிக் கேட்டாள். விசிறிகளின் மெல்லிய இரைச்சல். வேறொன்றுமில்லை.

"இப்ப ஒண்ணும் கேக்கலியே."

"அப்ப எங்க ஒம்பது பேருக்கும் காது கெட்டுப்போச்சா?"

பழுதுபார்க்க ஆ-டெங் வந்தான். கணினி வாங்கிய கடையின் ஆள், முப்பது வயது, கெட்டிக்காரன்தான். வந்தது இரண்டரை மணிக்கு.

"தம்பி, சத்தம் மதியம் பன்னண்டரைக்கு மேலதான் வருதாம். நீ அப்ப வரக்கூடாதா?" என்று பெய்லின் கேட்டாள்.

"அக்கா, அப்ப நானே தூங்கிட்டிருப்பேனே! கடையில ஒன்றரை வரைக்கும் ஃபோனைக்கூட எடுக்க மாட்டாங்க."

ஆக, தூங்கும் நேரத்தில் மட்டும் வரும் கோளாறை, தூங்கி எழுந்த பிறகு மட்டும் வரக்கூடியவன் தேடினான். எங்கள் தீவு முழுக்க இதே கதிதான். மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் ஒரு இயந்திரம் கெட்டுப்போக முடிவு செய்தால், அதைப் பிடிக்க ஆளே கிடையாது.

அவன் பெட்டியைத் தூக்கி மேசை மேல் நிறுத்தி, பக்கப் பலகையைக் கழற்றினான். ஒவ்வொரு விசிறியையும் விரலால் நிறுத்திப் பார்த்தான். பம்பின் வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். பெட்டியின் திருகுகளை இறுக்கினான். எங்கும் கீச்சில்லை. இருந்தாலும் வெறுங்கையோடு போக மனமில்லாமல் இரண்டு விசிறிகளை மாற்றிவிட்டுப் போனான். மறுநாள் மதியம் கீச்சென்றது. மறுபடி வந்தான். மதர்போர்டில் பம்பின் கம்பியை வேறு முனையில் செருகினான். மறுநாளும் கீச்சென்றது. மூன்றாம் முறை, "அக்கா, இது கூலரேதான்" என்று சொல்லி, கூலரையே முழுதாகக் கழற்றிவிட்டுப் புத்தம்புதியதைப் பொருத்தினான்.

மறுநாள் மதியம் அந்தப் புத்தம்புதியதும் கீச்சென்றது.

"மெஷினுக்கு உன்னப் புடிக்கலம்மா" என்று சொன்னாள் பாவ்ஜு அக்கா. தரச் சோதனை பார்ப்பவள், நீல அட்டை, ஓய்வுபெற நான்கு வருடம் பாக்கி. நல்லவள். அந்த நல்ல மனதோடு ஒரு பச்சைப் பொட்டலம் சோளப்பொரி வாங்கிவந்து பெட்டியின் தலையில் வைத்தாள். எங்கள் ஊரில் இயந்திரம் ஒழுங்காக நடந்துகொள்ள அதன் மேல் இந்தப் பொட்டலத்தை வைப்பார்கள். மஞ்சள் கூடாது, பச்சைதான் வேண்டும். காலாவதியாகி இருக்கவும் கூடாது. பட்டப்படிப்பு படித்த பொறியாளர்கள் இதைச் செய்வார்கள். கேட்டால் சும்மா வேடிக்கைக்கு என்பார்கள், ஆனால் எடுக்கச் சொன்னால் முகம் வெளுத்துப்போகும். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னும் நாலு வந்து சேர்ந்தன. ஐந்து பொட்டலங்களின் காலாவதித் தேதியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட மதியம் கட்டிலை விட்டு எழுந்து பெட்டியைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு ஷி தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "மதியம் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டுப் போ."

அணைத்தாள். நான்கு நாள் அறை அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் காலை:

"ஆறாவது குழாய் படம் எங்க?"

"மதியம் ஆஃப் பண்ணச் சொன்னீங்களே தலைவரே. ஒரு நாளைக்கு ஒரு படம் குறையுது."

"நான் சத்தத்தை நிறுத்துன்னு சொன்னேன். வேலைய நிறுத்துன்னா சொன்னேன்?"

இதற்குப் பதில் சொல்ல முடிந்த மனிதர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அன்று மதியம் கணினி மீண்டும் ஓடியது, கீச்சிட்டது. சாயங்காலமே தலைவர் ஏஜென்சிக்கு எழுதிவிட்டார். 'தன் கருவியைப் பராமரிக்கத் தெரியாதவர். சக ஊழியர்களின் ஓய்வுக்கு இடைஞ்சல். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளை அனுப்பவும்.'

ஏஜென்சிக்காரி அதைத் தொலைபேசியில் வாசித்துக்காட்டினாள். அது திங்கட்கிழமை. இதுபோல ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த நிறுவனம் அதைத்தான் முதலில் படிக்கும். நாற்பத்தொரு வயதில், பட்டமில்லாமல், 'பராமரிக்கத் தெரியாதவர்' என்ற பெயரோடு போனால் படம் வடிக்கும் வேலை இன்னொன்று கிடைக்காது. திரும்பவும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பொத்தான் எண்ண வேண்டியதுதான்.

அவள் அழவில்லை. கட்டம்போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பாவ்ஜு அக்காவிடம் போனாள்.

"அக்கா, எந்தெந்த நாள் சத்தம் வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஆஃப் பண்ணுன நாலு நாள் தவிர எல்லா நாளும்தான்."

"எல்லா நாளுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"போன வாரத்துக்கு முந்தின வாரம் செவ்வாக்கிழமை வரல. நல்லாத் தூங்குனேன், கனவுகூட வந்துச்சு. அப்புறம் ஒரு வியாழக்கிழமையும் வரல."

அந்த இரண்டு நாளும் கணினி மதியம் முழுக்க ஓடியிருந்தது. படங்களின் நேரக் குறிப்பில் இருந்தது. அதே பாரம், அதே பம்ப். பெய்லின் கட்டம் கட்டமாக எழுதினாள்: அறையின் வெப்பம், ஓடிய படம், ஏசி இருந்ததா, யார் வந்தார்கள், யார் விடுப்பு. சாயங்காலம் நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"பாரு. சத்தம் வராத ரெண்டு நாளும் என்ன வித்தியாசம்?"

பார்த்தேன். செவ்வாய்: ஷி தலைவர் தைபே போயிருந்தார். வியாழன்: ஷி தலைவருக்குப் பல்வலி, விடுப்பு.

"பெட்டி அவரப் பாத்து பயப்படுதோ?" என்றேன்.

"சிரிக்காத. நாளைக்கு மதியம் நான் தூங்கப்போறதில்ல. நீ கதவுகிட்ட நில்லு. என்ன பாக்கிறியோ அதை ஞாபகம் வச்சுக்க, போதும்."

மூன்று வாரத்தில், மூன்று பழுதுபார்ப்புக்கும் ஐந்து பொட்டலத்துக்கும் பிறகு, ஒருவர் முதல்முறையாக அந்த இடத்தைப் போய்ப் பார்க்க முடிவெடுத்தார்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டே முக்காலுக்குக் கூட்ட அறையிலிருந்து இறங்கி வந்தோம். இருட்டு. குறட்டைகள். மதியத்தில் கட்டில்களுக்கு நடுவில் நடப்பது எங்கள் ஊரில் வீடு புகுந்து திருடுவதற்கு ஒரு படி கீழே. பெய்லின் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு போனாள். நான் கதவருகே நின்றேன். நானும் அன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மெல்லியது, ஆனால் பல் கூசும். கண்ணாடியில் ஆணியால் கோடு போட்டுக்கொண்டே இருப்பதுபோல.

அவள் மேசை சன்னலோரம், பாதையின் கடைசியில். ஏசிக் காற்று நேராக விழும் இடம் அதுதான் என்பதால் ஷி தலைவரின் கட்டில் அங்கேதான் இருக்கும். ஷி தலைவர் நெட்டை மனிதர், கட்டிலும் நீளம். பாதையின் நீளம் அதற்குப் போதாது. தலைமாட்டை மேசைக்கடியில் நுழைத்தால்தான் கால்மாடு அடுத்தவர் மேல் இடிக்காது. மேசைக்கடியில் கணினிப் பெட்டி நிற்கிறது. என்ன செய்வார்? பெட்டியைப் படுக்கவைத்து, மேசையின் கீழ்த்தட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஒன்று இருபத்தைந்துக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து கட்டிலை மடித்து, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுவார். விளக்கு எரியும்போது தான் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய பெருமை.

பெய்லின் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது தலைவரின் தலை பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவள் மண்டியிட்டுப் பெட்டியை மெதுவாக இழுத்து நிமிர்த்தினாள். உள்ளே களக்கென்று ஒரு சத்தம். கீச்சு நின்றது. ஒரு நிமிடம் காத்திருந்தாள். மறுபடி அதே பக்கமாகப் படுக்கவைத்தாள். பத்து எண்ணுவதற்குள் கீச்சு வந்தது. மறுபடி நிமிர்த்தினாள். நின்றது. மூன்றாம் முறை படுக்கவைக்கும்போது தலைவர் கண்பட்டையைத் தூக்கினார்.

"யாரு?" மதியத்தில் உரக்கப் பேசக்கூடாதென்ற பழக்கம் தூக்கக் கலக்கத்திலும் போகவில்லை. கிசுகிசுத்தார்.

"நான்தான். பெய்லின்."

"இங்க என்ன பண்ற? தூங்கற நேரத்துல!"

"சத்தத்தைக் கண்டுபிடிச்சுட்டேன் தலைவரே. கேளுங்க." நிமிர்த்தினாள். "இப்ப?"

"இப்ப இல்ல."

படுக்கவைத்தாள். "இப்ப?"

அவருக்குப் பதிலாகப் பெட்டி பேசியது.

"கூலருக்குள்ள எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும். நிக்கவச்சா காத்து மேல ரேடியேட்டர்ல கெடக்கும், தொந்தரவு இல்ல. இப்படிச் சாய்ச்சா பம்ப் உச்சிக்குப் போயிடுது. காத்து பம்புக்குள்ள ஏறுது. பம்ப் கத்துது. இவ்வளவுதான்."

"சும்மா சாய்ச்சதுக்கா இவ்வளவு கத்தும்? பழைய பெட்டியும்தான் சாய்ச்சு வச்சேன். அது கத்தலியே."

"பழையதுல தண்ணியே கெடையாது தலைவரே."

"அப்ப அந்த ரிப்பேர்காரன் ஏன் சொல்லல?"

"அவன் வர்றப்ப பெட்டி நிக்குது. நீங்க சாய்க்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. ஏன் ஒரு நாளாவது சொல்லல?"

"நீ கேட்டியா?"

"என் மேசைக்கு அடியில உங்க தலை இருக்கான்னு நான் கேக்கணுமா?"

இத்தனையும் கிசுகிசுப்பிலேயே நடந்தது. கோபத்தை மூச்சுக் காற்றில் மட்டும் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் வெளியே வரவில்லை. கட்டில்கள் எல்லாம் குறட்டையை நிறுத்தியிருந்தன. எட்டுக் கண்பட்டைகளுக்குப் பின்னால் எட்டுப் பேர் விழித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. ஒன்றரை ஆகவில்லையே.

உண்மை வெளியே வந்தால் நியாயமும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிற வெகுளித்தனம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூன்று மணிக்குப் பழுது அறிக்கைத் தாள் வந்தபோது அது போனது. 'காரணம்' என்ற கட்டத்தில் தலைவரின் அழகான கையெழுத்து: 'பயன்படுத்துபவர் பெட்டியைத் தவறான நிலையில் வைத்திருந்தார்.' கீழே, கையொப்பத்துக்குப் பதிலாகப் பெய்லின் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"குத்திடு, விஷயம் முடிஞ்சுபோச்சு. லெட்டரையும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

"லெட்டரை வாபஸ் வாங்குவீங்களா?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

அவள் அளவுகோல் வைத்து அந்த வரியைக் கோடுபோட்டு அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'தினமும் 12.30 முதல் 1.25 வரை, கட்டிலுக்கு இடம் வேண்டி, பிரிவுத் தலைவர் ஷி பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்தார். நிமிர்த்தினால் சத்தம் நிற்கிறது, சாய்த்தால் வருகிறது. மூன்று முறை சோதித்தது.' திருத்திய இடத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, தன் முத்திரையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அவர் முத்திரை இல்லாமல் தாள் மேலே நகராது.

"யார் பாத்தா? சாட்சி இருக்கா?"

"நான் பாத்தேன்" என்றேன்.

"நீ ஆரஞ்சு அட்டை. உன் முத்திரை இதுல செல்லாது." சொல்லும்போது அவருக்குக் கூச்சமே இல்லை. சட்டத்தைச் சொல்வதாகவே நினைத்திருப்பார்.

பெய்லின் தாளை எடுத்துக்கொண்டு பாவ்ஜு அக்காவின் மேசைக்குப் போனாள்.

"அக்கா, உங்க கட்டில் அவருக்கு அடுத்ததுதானே. அவர் பெட்டியைச் சாய்க்கிறதப் பாத்திருக்கீங்களா?"

பாவ்ஜு அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். "பாத்தேன்."

"எத்தன தடவ?"

"தினமும்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு தோணல பெய்லின். அவரு தலைவரு. பெட்டி உன்னோடது. நடுவுல நான் யாரு?"

"நீங்கதான் அது மேல சோளப்பொரி வாங்கி வச்சீங்க!"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பாவ்ஜு அக்காவின் முகம் சிவந்துபோனது. இதற்காகவும் எனக்குக் கோபம் வருகிறது: தினமும் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்கு வராத வெட்கம், ஒரு சிரிப்புக்கு வந்தது. எதற்காக வந்தால் என்ன? அவள் இழுப்பறையைத் திறந்து தன் முத்திரையை எடுத்தாள். சிவப்பு மையில் அழுத்தினாள். பெய்லினுடைய முத்திரைக்குப் பக்கத்தில், அழுத்தமாக, ஒரு குத்து.

"அடுத்த மேசைக்குப் போ. அவனும் பாத்தான். என்கிட்டச் சொல்லிச் சிரிச்சிருக்கான்."

எட்டுப் பேரில் ஐந்து பேர் குத்தினார்கள். இருவர் கழிப்பறைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்வரை திரும்பவில்லை. ஒருவன் தனக்குக் கண்பட்டை போட்டால் ஒன்றும் தெரியாது என்றான். பாதி உண்மை.

ஐந்து முத்திரைகளோடு தாளைப் பெய்லினே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனாள். பொது நிர்வாக மேலாளர் ஒரு அம்மாள், அவசரக்காரி. நின்றபடியே படித்தாள்.

"இதுக்காகவா ரெண்டு ஃபேன், ஒரு கூலர் மாத்துனீங்க?"

"ஆமா மேலாளர் அம்மா."

"இதுக்காகவா உன்ன மாத்தச் சொல்லி அவரு எழுதுனாரு?"

"ஆமா."

அம்மாள் தொலைபேசியை எடுத்தாள். ஷி தலைவர் இறங்கி வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். புதன்கிழமை சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'கணினிகளை யாரும் சாய்த்து வைக்கக்கூடாது.' யார் சாய்த்தார்கள் என்று அதில் இல்லை. மன்னிப்பு என்ற சொல் எங்கள் அலுவலகத்தின் தட்டச்சுப் பலகையில் கிடையாதுபோல.

ஆனால் பெய்லின் அறிவிப்போடு விட்டுவிடவில்லை. தலைவரின் கடிதம் கோப்பிலிருந்து நீக்கப்பட்டதாக எழுத்தில் வேண்டும் என்று ஏஜென்சிக்கு எழுதினாள். அறிக்கையின் நகலையும் கூடவே அனுப்பினாள். வியாழன் பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு வந்தது: கடிதம் நீக்கம், இன்னொரு வருடத்துக்கு நீட்டிப்பு. அதன் பின்னாலேயே ஏஜென்சிக்காரி தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் தேனாக ஒழுகியது. பக்கத்து மேசையில் இருந்த எனக்கே கேட்டது.

"வாழ்த்துகள் பெய்லின்! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமேலாவது கம்ப்யூட்டரைக் கவனமா வச்சுக்கங்க, சரியா?"

பெய்லின் கண்ணை மூடித் திறந்தாள். திரையில் பன்னிரண்டாவது குழாய், பாதி வெளிச்சத்தில்.

"நான் அனுப்புன தாள் உங்க கையில இருக்கா?"

"இருக்கே."

"அதுல மூணாவது கட்டத்துல காரணம் எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டு, இப்பச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பெய்லின் காத்திருந்தாள்.